பெட்டி எண் 1146-இல் குடியிருப்பவள் துப்பாக்கி வாங்கிய விவரம்

தோர்வால் துறை, அலாஸ்கா
அக்டோபர் 12

என் பெருமதிப்பிற்குரிய எர்னிங் மாமா அவர்களின் சமூகத்திற்கு,

உங்கள் அக்கா மகள் ஜோனலின் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம். அவருடைய இடது முழங்கால் மட்டும் மழை பெய்தால் எங்களோடு ஒத்துழைப்பதில்லை, இங்கே மழை பெய்யாத நாளும் இல்லை. அங்கே நீங்கள், அத்தை, அம்மா, உங்கள் சண்டைச் சேவல்கள் அனைவரும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

வீட்டுக்கு எழுதாமல் நீங்கள் காவல் நிற்கும் வங்கிக்கு எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். விசாவுக்குக் காத்திருக்கும் அம்மா உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், உங்கள் கைபேசிக்கு வரும் செய்தியை உங்களுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவளும் அவள்தான். அதனால்தான் உறையின் மேல் ‘கதவருகே துப்பாக்கியோடு நிற்பவருக்கு’ என்று எழுதினேன். உங்கள் மேலாளர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். விஷயம் இதுதான், மாமா: நான் ஒரு துப்பாக்கி வாங்கிவிட்டேன். பதறாதீர்கள், பணி நேரத்தில் உங்களுக்கு நாற்காலி கிடையாது என்று தெரியும், சுவரில் சாய்ந்துகொண்டு மேலே படியுங்கள். இதை அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கவே இந்தக் கடிதம். ‘உங்கம்மாவுக்கு இது தெரிஞ்சா விசா நேர்காணலுக்கே போக மாட்டா, நான் சாகிற வரைக்கும் தனியாத்தான் சமைச்சுத் தின்னணும்’ என்பது அப்பாவின் கவலை. எப்படியும் ஒருநாள் தெரியத்தான் போகிறது, உங்கள் வாயால் தெரியட்டும் என்பது என் எண்ணம்.

எல்லாம் ஆகஸ்டில் தொடங்கியது. அப்பாவும் நானும் ஆற்றுக்கு மேலே பெர்ரிப் பழம் பறிக்கப் போனோம். நான் ஒரு புதருக்கு இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம், நடுவில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு பழம் தின்கிற சத்தம். அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நான் நினைத்தேன், எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். புதர் விலகியது. கரடி, மாமா. உங்கள் வங்கியின் இரும்புப் பெட்டகத்துக்கு ரோமம் முளைத்தால் எப்படியோ அப்படி. கரடியைக் கண்டால் ஓடக்கூடாது, சாந்தமாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், ஆனால் என்ன பேசுவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மீன் பதனிடும் ஆலையில் பதினேழு வருடம் மேற்பார்வையாளரிடம் பேசிய அதே குரலில், ‘குட் மார்னிங் சார், என் ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சு, நான் கிளம்பலாங்களா சார்?’ என்றார். அப்போது மாலை மூன்று மணி. கரடி அவர் கீழே போட்ட வாளியை முகர்ந்தது, ஒரு மணி நேரம் நாங்கள் பறித்ததை ஒரே வாயில் காலி செய்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

நான் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மீன் பிடிக்கப் போகவில்லை. மழை என்றார். அதற்கடுத்த ஞாயிறு முழங்கால் என்றார். மூன்றாவது ஞாயிறு வெயில் அடித்தது, முழங்காலும் ஒத்துழைத்தது, அப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அப்பாவுக்கென்று இருப்பது அந்த ஆறு ஒன்றுதான், மாமா. ஆறு நாளும் செத்த மீனை வெட்டுகிறவர் ஏழாவது நாள் உயிருள்ள மீனைத் தேடிப் போவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் அங்கிருந்து திரும்பும்போது மட்டும்தான் அவர் என்னிடம் கதை பேசுவார். அந்தக் கதைகள் நின்றுபோயின. குப்பை கொட்டப் போவதற்குக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

ஆலையில் என் பக்கத்தில் நின்று மீன் தலை வெட்டுகிறவள் லாகி, சமோவாத் தீவுக்காரி, என்னைப்போல் இரண்டு பேரைச் செய்யலாம் அவளை வைத்து. அவளிடம் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தாமலே, “ஏண்டி, இதுக்கா மூக்கைச் சிந்துறே? ஒரு துப்பாக்கி வாங்கித் தோள்ல மாட்டிக்க, அப்பா மீன் பிடிக்கட்டும், நீ காவலுக்கு நில்லு,” என்றாள்.

“நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லையே, எனக்குக் குடுப்பாங்களா?”

“நிரந்தரமாத் தங்கறதுக்குப் பச்சை அட்டை இருக்குல்ல? சட்டப்படி வந்தவதானே நீ? கடலை நீந்தியா வந்தே? போய்க் கேளுடி.”

போய்க் கேட்டேன். துறைமுகத்தெருவில் ரப்பர் பூட்ஸ், வலை, நங்கூரம், பிறந்தநாள் வாழ்த்து அட்டை, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை, அதன் சொந்தக்காரியை ஊரே ஆர்லின் அம்மா என்று கூப்பிடும். மாமா, எனக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். நம் ஊர் இலோய்லோவில் ரொட்டிக் கடை வாசலில்கூட உங்களைப்போல் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார், ஆனால் துப்பாக்கி விற்கிற கடையை நான் பார்த்ததே இல்லை. இங்கே துப்பாக்கியோடு யாரும் எந்த வாசலிலும் நிற்பதில்லை, ஆனால் பூட்ஸ் வாங்கப் போனால் பக்கத்து அலமாரியில் துப்பாக்கி. ஆர்லின் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒன்றை எடுத்து நீட்டினார். உங்கள் தோளில் தொங்குகிறதே, முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் ‘க்ளக்-க்ளக்’ என்னுமே, அதே இனம், மாமா! சின்ன வயதில் உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டு நீங்கள் கையைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. இங்கே யாரும் தட்டிவிடவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

“கண்ணு, நீ பெட்டிக்குள்ளயா குடியிருக்கே?”

எங்கள் ஊரில் வீட்டுக்குத் தபால் வராது, எல்லோருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி, என் உரிமத்தில் இருக்கும் முகவரி பெட்டி எண் 1146. சட்டத்துக்கு அது போதாதாம், ஆள் படுத்துத் தூங்குகிற இடத்தின் முகவரி அரசாங்கத் தாள் ஏதாவது ஒன்றில் அச்சாகியிருக்க வேண்டுமாம். காரின் பதிவுத் தாள் இருந்தால் போதுமாம், ஆனால் என்னிடம் கார் இல்லை, இருப்பது அப்பா பெயரில் உள்ள துருப்பிடித்த வண்டி. அப்படியானால் வேட்டை உரிமம் ஒன்று எடு, அதில் வீட்டு முகவரி வரும் என்று ஆர்லின் அம்மாவே வழி சொன்னார். அதையும் அதே கடையில் அடுத்த ஜன்னலில் கொடுக்கிறார்கள். நான் நான்கு அடி நகர்ந்து நின்றேன், ஆர்லின் அம்மாவும் நான்கு அடி நகர்ந்து வந்து, என்னை முன்பின் பார்த்தறியாதவர்போல், “என்ன வேட்டையாடப் போறே?” என்று கேட்டார்.

“என் முகவரியைத்தான்.”

“சரி, அது ஓடிப் போயிடறதுக்குள்ள கையெழுத்துப் போடு.”

பிறகு வந்தது படிவம். அதை நானே என் கையால் நிரப்ப வேண்டும், அவர் உதவக்கூடாது. ஆனால் உதவாமல் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடலாம். மாமா, நம் திருச்சபையில் பாவமன்னிப்பு கேட்கும்போதுகூட என்னை யாரும் இவ்வளவு விவரமாக விசாரித்ததில்லை. நீ சட்டத்திடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருப்பவளா? நீ புத்தி பேதலித்தவள் என்று எந்த நீதிமன்றமாவது தீர்ப்பளித்ததா? அத்தை பலமுறை தீர்ப்பளித்திருக்கிறாள், ஆனால் அவள் நீதிமன்றம் இல்லை என்பதால் ‘இல்லை’ என்று குறித்தேன். ஏலியன் எண் என்ன என்று ஒரு கட்டம், அதாவது வெளிநாட்டவர் எண், என் பச்சை அட்டையில் இருப்பது. சினிமாவில் ஏலியனிடம்தான் துப்பாக்கி இருக்கும், அதனால் கொஞ்சம் பெருமையாகவே நிரப்பினேன். அடுத்தது, ‘நீ அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்ததுண்டா?’

“இன்னும் வாங்கவே இல்லையே, எப்படிங்க துறக்கிறது?” என்றேன்.

“தத்துவமெல்லாம் வீட்ல போய் எழுதிக்க கண்ணு. இங்க ரெண்டே பதில்தான்.”

ஒரு கேள்வியில் மட்டும் என் பேனா நின்றது. இந்தத் துப்பாக்கியை நீ உனக்காகத்தான் வாங்குகிறாயா? நான் உண்மையை யோசித்தேன். எனக்கு எதற்குத் துப்பாக்கி? “எனக்குத்தான், ஆனா அப்பாவுக்காக,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆர்லின் அம்மா படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

“வாங்கி அவர் கையில குடுக்கப் போறியா? அப்படின்னா இங்கயே நிறுத்திக்குவோம். அது பெரிய குத்தம்.”

“அவர் தொடவே மாட்டாருங்க. துப்பாக்கின்னா அவருக்கு ஆகாது. கரடியைப் பாத்ததுலேர்ந்து ஆத்துக்கே போக மாட்டேங்கறாரு. நான் பக்கத்துல நின்னா போவாருன்னு...”

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை எடுத்தார். “அப்ப தூக்கிச் சுமக்கப் போறது நீ, பொறுப்பும் உன்னோடது. அது உனக்குத்தான். ஆமான்னு போடு.” பின் மெதுவாக, “வாங்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?” என்று கேட்டார். நான் உடனே பூட்ஸ் அளவு பார்க்கத் தொடங்கினேன்.

எனக்கு இருபது வயதுதான் என்பதால் கூடுதலாக விசாரிப்பார்களாம், பத்து வேலை நாள் வரை ஆகலாமாம். காத்திருந்த நாளெல்லாம் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. எங்கோ ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு அறையில் முகம் தெரியாத ஒருவர் ‘சுமகாய்சாய்’ என்ற எங்கள் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறார், அவர் என்ன நினைப்பார், மதியம் என்ன சாப்பிடுவார், என் பெயரைப் படித்ததும் எப்படிப்பட்ட பெண் என்று கற்பனை செய்வார்? அவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் நடந்துகொண்டேன். காரே வராத தெருவில் விளக்கு மாறும்வரை நின்றேன். நூலகத்துக்குப் பதினோரு மாதமாகத் திருப்பாத கோழி வளர்ப்பு நூலைத் திருப்பினேன். சனிக்கிழமை துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், அங்கே எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள், நான்தான் உயரம், ஒரு விரற்கடை. தேர்வில் எனக்கு ஆறாவது இடம். எட்டாவது நாள் ஆர்லின் அம்மா அழைத்தார்: “ஏலியன் கண்ணு, வந்து எடுத்துட்டுப் போ.”

துப்பாக்கியோடும் பூட்டோடும் அதை வைக்கும் ஒரு இரும்பு அலமாரியோடும் லாகியின் வண்டியில் வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேரும் மாடிக்குத் தூக்கினோம். அப்பா கதவைத் திறந்தார். நீளப் பெட்டியைப் பார்த்தார். மேலங்கியை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். “கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு,” என்றாள் லாகி. வரவில்லை, மாமா. இரண்டு நாள் அப்பா காரில் குடியிருந்தார். வேலைக்குப் போவார், திரும்பி வந்து காரில் ஏறிக்கொள்வார். சோறும் வறுத்த கருவாடும் தட்டில் கொண்டு போனால் கண்ணாடியை நான்கு விரல் இறக்குவார். தட்டு நுழையாது, கிண்ணத்தில் மாற்றிக் கொண்டு வருவேன், வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுவார். பக்கத்து வீட்டார் எங்கள் வீட்டில் எலித்தொல்லையா என்று விசாரித்தார்கள். லாகி வந்து கண்ணாடியைத் தட்டி, “அண்ணே, கரடிக்கு இந்தக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும், தெரியுமா?” என்று கேட்டாள். அவர் நான்கு கதவையும் பூட்டிக்கொண்டார், அவ்வளவுதான் பலன்.

மூன்றாம் நாள் மதியம் நானும் குடையோடு போய்க் கார் பக்கத்தில் நின்றேன். கால்மணி நேரம் மழையில் நின்றபிறகு பூட்டைத் திறந்தார். உள்ளே கருவாட்டு மணம். இருவரும் முன்கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உங்களுக்காகத்தான்பா வாங்கினேன்,” என்றேன்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன்பா?”

கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். “நான் துப்பாக்கியை எப்பவும் வாய்ப் பக்கத்துலேர்ந்துதான் பாத்திருக்கேன், ஜோனா. பின்பக்கம் எப்படி இருக்கும்னே தெரியாது.”

நம் ஊருக்கு எதிரே நீக்ரோஸ் தீவில் அவர் வளர்ந்த கரும்புப் பண்ணையில் நடந்தது, அப்போது அவருக்கு ஒன்பது வயதாம். வெட்டு முடிந்து வரும்போது தங்கைக்கு என்று ஒரே ஒரு கரும்பைச் சட்டைக்குள் முதுகில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்ற பண்ணைக் காவலாள் துப்பாக்கி முனையை அவர் நெஞ்சில் வைத்து, ‘இனிப்பு வேணுமா உனக்கு? தின்னு’ என்றானாம். “மொத்தக் கரும்பையும் அங்கயே நின்னு என்னைத் தின்ன வச்சான். உன் தாத்தா பாத்துக்கிட்டு நிக்கறாரு, ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, யாரும் வாயைத் திறக்கல. வாயெல்லாம் ரத்தம். அவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான். தங்கச்சி ‘எனக்கு?’ன்னு கேட்டா.” அதற்கப்புறம் அவர் காப்பியில் சர்க்கரை போட்டதே இல்லை. நாங்கள் எல்லோரும், ஏன், அம்மாகூட, அது நீரிழிவுக்குப் பயந்து என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், மாமா. கரடி அவர் முன்னால் வந்து நின்றபோது அவர் பார்த்தது கரடியை இல்லை.

நான் அழுதேன். “நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்பா,” என்றேன். அவர் யோசித்தார். என்னைப்போலவே அவருக்கும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

“திருப்பறது இருக்கட்டும்,” என்றார். “பின்பக்கம் ஒரு தடவை காட்டு.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலுக்குப் போனோம். முதலில் நான் சுட்டேன். காகித இலக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தோளில் கத்தரிக்காய் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒன்று வீங்கியது. பிறகு வகுப்பில் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டு அப்பா கையில் கொடுத்தேன். முன்கைப்பிடியை இழுத்தார், தள்ளினார், கன்னத்தை வைத்தார், அப்படியே நின்றார். சுடவே இல்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “என்னப்பா?” என்றேன். “ஒண்ணுமில்ல. இங்கேர்ந்து பாத்தா அதோட வாய் இவ்வளவு சின்னதா இருக்கு,” என்றார். பிறகு சுட்டார், இரண்டடி பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. இலக்கின் வலது மூலையில் ஒரு கட்டைவிரல் அளவு ஓட்டை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் ஆற்றுக்குப் போனோம். அப்பா நான்கு மீன் பிடித்தார், திரும்பும் வழியெல்லாம் பேசினார். எனக்கு ஒரு மீனும் இல்லை, ஏனென்றால் எனக்கு நேரமில்லை. துப்பாக்கி வைத்திருப்பவள் புதரைப் பார்க்க வேண்டும், மாமா. ஆறு என் முதுகுக்குப் பின்னால் ஓடியது, அது எப்படியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு மணி நேரம் நின்றேன், கரடி வரவில்லை, ஒரு காகம் வந்தது. கால் மரத்தது, தோள் வலித்தது, உட்காரவும் மனமில்லை. அப்போதுதான் உங்களை நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம், ஒருநாள்கூட சுடாமல், ஒருநாள்கூட உட்காராமல் எப்படி நின்றீர்கள்? எதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? மனதில் என்ன ஓடும்? உள்ளே எல்லோரும் அவரவர் காரியத்தைப் பார்க்கிறார்களே என்று எப்போதாவது கோபம் வந்ததுண்டா, அல்லது அதைப் பார்க்கத்தான் பிடித்திருந்ததா? இதை மட்டும் கட்டாயம் பதிலில் எழுத வேண்டும்.

அம்மாவிடம் சொல்லும்போது வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அலமாரியைப் பற்றி முதலில் சொல்லுங்கள், பூட்டைப் பற்றி அடுத்து, கடைசியில்தான் உள்ளே இருப்பதைப் பற்றி. கரடியை முழுவதுமாக விட்டுவிடலாம். அப்பா அதைத் தொட்டதை உயிர்போனாலும் சொல்லக்கூடாது, இது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

உங்கள் வலக்கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஆசி பெற்றதாக நினைத்துக்கொள்கிறேன். அத்தைக்கு என் முத்தம். நீங்கள் நிற்கும் வாசலில் வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே வரட்டும், உங்கள் கால்களைக் கடவுள் காக்கட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
ஜோனலின் சுமகாய்சாய்
பெட்டி எண் 1146

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா அழைத்தாள். திடலில் சேற்றில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற தன் படத்தை அப்பாவே இன்று காலை அவளுக்கு அனுப்பியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. அம்மா கத்தவில்லை, மாமா. “கல்யாணப் போட்டோவுல கூட இந்த மனுஷன் பல்லைக் காட்டினதில்லையேடி,” என்றாள். நேர்காணல் தேதி அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, கட்டாயம் போகிறாளாம். ஆகையால் மேலே எழுதியது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். “எர்னிங் பாவம், பயந்த சுபாவம். அவன்கிட்ட நீ ஒண்ணும் எழுதிடாதே, நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்,” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லும்போது தயவுசெய்து முதல் தடவையாகக் கேட்பதுபோல் திடுக்கிடுங்கள்.